ஓட்டிவிடாமல் பார்த்த பெண்

படம் தொடங்கும்போது பேர் போடுவார்கள் இல்லையா, அதைக்கூட அவள் ஓட்டிவிடமாட்டாள். ஜப்பான் எழுத்தில் வரிசையாகப் பேர்கள் மேலே ஏறிப் போகும். எங்களுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. இருந்தாலும் கடைசிப் பேர் போகிறவரை பார்த்துக்கொண்டே இருப்பாள். படிக்கத் தெரியாத பேரை எதற்குப் பார்க்கிறாய் என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார்.

"இவங்கல்லாம் கை வலிக்க வரைஞ்சிருக்காங்க பெரியப்பா" என்றாள்.

அவள் அறந்தாங்கிப் பெண். பேரை இங்கே எழுதவில்லை. அவளைக் கேட்காமல் எழுத மனசு வரவில்லை. கம்ப்யூட்டர் படித்தவள். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கால் வீங்கி, முகம் வீங்கி, போய்ப் பார்த்தால் இரண்டு கிட்னியும் கெட்டுப்போயிருந்தது. ஊருக்குத் திரும்பி வந்துவிட்டாள். வாரத்தில் மூன்று நாள் உம்மாவோடு பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கு வந்து, நாலு மணி நேரம் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு போவாள். அதே மூன்று நாளும், அதே காலை ஷிப்டுக்கு, திருக்கோகர்ணத்திலிருந்து என் வீட்டுக்காரரை நான் ஆட்டோவில் கூட்டி வருவேன். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நடுவில் என் ஸ்டூல். அப்படித்தான் பழக்கம். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. அதனால் அந்த வார்டில் நடந்ததெல்லாம் நான் உட்கார்ந்து கேட்டதுதான்.

ஊசி குத்தியிருக்கிற கையை அசைக்கக் கூடாது. மற்றொரு கையால் அவள் பையிலிருந்து சிலேட்டு அளவில், படம் பார்க்கிற டேப் ஒன்றை எடுத்து, சாப்பாட்டு மேசைமேல் சாய்த்து வைப்பாள். விஞ்ஞானக் கதைகளாகத்தான் பார்ப்பாள். வானத்துக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள், மிஷின் மனிதர்கள், தண்ணீருக்கடியில் ஊர் கட்டி வாழ்கிறவர்கள் என்று. என் வீட்டுக்காரர் அதைப் பொம்மைப் படம் என்பார். ஒரே ஒரு தடவை மட்டும், "அனிமேன்னு சொல்லணும் பெரியப்பா" என்று திருத்தினாள். அவர் திருந்தவில்லை. அவளும் விட்டுவிட்டாள்.

என் வீட்டுக்காரர் பிரைவேட் பஸ் டிரைவராக இருந்தவர். புதுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நடுவே அவர் வண்டியை முந்திக்கொண்டு எவனும் போனதில்லை என்பது அவருக்கு இன்றைக்கும் பெருமை. அவள் எந்த ஊர் என்று தெரிந்ததும் அந்தப் பெருமையை அவளிடமும் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே, ஸ்கூல் படிக்கும்போது அந்தப் பஸ்ஸில் இரண்டு தடவை வாந்தி எடுத்திருப்பதாகச் சொன்னாள். வார்டே சிரித்தது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவர் வேகம் பஸ்ஸோடு நின்றிருந்தால் எனக்குக் கவலையில்லை. மிஷினிலும் அவருக்கு டைமிங்தான். நாலு மணி நேரம் படுக்கமாட்டார். மூன்றரை மணி நேரம் ஆனதும் டெக்னீசியன் தம்பியைக் கூப்பிட்டு, போதும், எடுத்துவிடு என்பார். சில நாள் மூன்று மணி நேரத்திலேயே. சொந்தப் பொறுப்பில் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றால் எழுதிக் கொடுத்துவிடுவார். மிஷினை முன்னாடியே நிறுத்துவதில் கெட்டிக்காரத்தனம் இருப்பதாக அங்கே வருகிறவர்கள் பல பேருக்கு ஒரு நினைப்பு. ஏதோ ஒரு ஸ்டாப்பை விட்டுவிட்டுச் சீக்கிரம் ஊர் போய்ச் சேர்ந்த மாதிரி.

அந்தத் தீபாவளிக்கு அப்படித்தான் இரண்டு தடவை சேர்ந்தாற்போல் பாதியில் இறங்கினார். பண்டிகை முடிந்த மறுநாள் விடியற்காலையில் மூச்சு வாங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். படுத்தால் மூச்சு நிற்கிறது என்று கையால் காட்டினார். நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் இங்கே கொண்டுவந்து சேர்க்கிற அவகாசம்கூட இருக்காது என்று சொன்னார். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை 'கொஞ்சம் பொறுங்க' என்று நான் சொன்னதே கிடையாது.

அதற்கு அப்புறம்தான் அந்தப் பெண் ஐஸ் மலைக் கதையை ஆரம்பித்தாள்.

பூமி காய்ந்துபோய்விட்டது. வானத்தில் எங்கேயோ உறைந்து கிடக்கிற ஒரு ஐஸ் மலையைக் கப்பலில் கட்டி இழுத்துக்கொண்டு வர ஒரு பெண் போகிறாள். துணைக்கு ஒரு மிஷின் மனிதன். அவ்வளவுதான் கதை. கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். அவள் படித்துத் தமிழில் சொல்வாள். அவசரமே இருக்காது அவள் குரலில். யாராவது, அப்புறம் என்ன, அந்த ஐஸ் கிடைக்குதா இல்லையா என்று கேட்டால், ஊசி இல்லாத கையைத் தூக்கிக் காட்டி, "வரும்" என்பாள். முன்னாடியே ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிட்டவள்தான். ஒரு வார்த்தை கசியவிடமாட்டாள்.

கப்பல் போகிற வேகத்தில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு மூன்று வருஷம்தான் ஆகிறது, ஊரில் அவள் அம்மாவுக்கு அதற்குள் வயசாகிவிடுகிறது என்று ஒரு கட்டம் வந்தது. அதெப்படி என்று என் வீட்டுக்காரர் மல்லுக்கு நின்றார். அவள் என்னென்னவோ விளக்கினாள். ஏறவில்லை. கடைசியில் அவள் உம்மாதான் சொன்னார்.

"என்னண்ணே இது புரியலையா. இவ அத்தா சவூதியிலேருந்து வாரப்பல்லாம் இவளுக்குப் பழைய அளவுலயே சட்டை வாங்கிட்டு வருவாக. அவுகளுக்கு இவ இன்னும் அதே உசரந்தான்."

என் வீட்டுக்காரர் தலையைத் திரும்பவும் டேப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம், சரி, மேலே போடு என்றார்.

அந்த வார்டில் இன்னொரு பார்வையாளரும் உண்டு. குளத்தூர்ப் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்தவர், எதிர்க் கட்டில். அவருக்குச் சண்டை வேண்டும். ஏதாவது வெடிக்க வேண்டும். எதுவும் வெடிக்காமல் ஒரு முழுப் பாகம் வந்தது. கப்பல் ஓட்டுகிற பெண் தண்ணீர் வடிகட்டுகிற ஃபில்டரைக் கழற்றி, கழுவி, மறுபடி மாட்டுகிறாள். மிஷின் மனிதன் துணி எடுத்துக் கொடுக்கிறான். பாகம் முழுக்க அதுதான். மளிகைக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. வேகத்தைக் கூட்டி வை, இல்லாவிட்டால் ஓட்டிவிடு என்றார். என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். ஒவ்வொரு புளியமரத்துக்கும் வண்டியை நிறுத்தினால் எப்படி ஊர் போய்ச் சேர்வது என்றார்.

அவள் மறுத்துப் பேசவில்லை. உடனே வேகத்தைக் கூட்டி வைத்தாள். கப்பல் பெண் எலி மாதிரி கீச்சுக் கீச்சென்று பேசினாள். கை பறந்தது. எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் பாகத்தை முதலிலிருந்து, பேர் போடுகிற இடத்திலிருந்து, பழைய வேகத்தில் திரும்பப் போட்டாள். கோபமே இல்லாமல். எங்கள் வார்டில் ரத்தம் வடிகட்டுகிற ஃபில்டர் எல்லாவற்றையும் கழுவி வைப்பது டெக்னீசியன் தம்பிதான். அவன் வேலையை விட்டுவிட்டுக் கட்டிலோரம் வந்து நின்றான். கப்பல் பெண் குழாயை உயர்த்திப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். சிவப்பு தங்கியிருக்கிறதா என்று அவன் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். "நம்ம ஆளு கழுவுற மாதிரியே கழுவுறாய்யா" என்று மளிகைக்கடைக்காரர் சொன்னார். அதற்கு அப்புறம் ஓட்டிவிடச் சொல்லவில்லை.

படம் முடிந்ததும் அதற்குக் கீழே ஊர் உலகத்தில் இருக்கிறவர்கள் எழுதியிருக்கிற அபிப்பிராயங்களைப் படித்துக் காட்டுவாள். எனக்குப் படத்தைவிட அதுதான் பிடிக்கும். அந்த ஃபில்டர் பாகத்துக்குத் திட்டுத்தான் அதிகம். ஒருத்தன், தூங்கிப்போனேன், எழுந்து பார்த்தால் இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறாள் என்று எழுதியிருந்தான். இன்னொருத்தன், சொல்லக் கதை இல்லாதவன்தான் இப்படி இழுப்பான் என்று. ஒருத்தி மட்டும், ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற வேலை தனக்கு, தன் வேலையை முதல் தடவையாகப் படத்தில் பார்த்தேன் என்று எழுதியிருந்தாள். திட்டினதையும் புகழ்ந்ததையும் அவள் ஒரே குரலில் படிப்பாள். தனக்குப் பிடித்த படத்தைத் திட்டியிருக்கிறார்களே என்று அதைத் தாண்டிப் போகமாட்டாள். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று சில நேரம் சொல்வாள்.

"வேகமா போறதா மெதுவா போறதாங்கிறது இல்ல பெரியப்பா. எங்க வேகமா போறான், எங்க நிக்கிறான், அதப் பாக்கணும்."

இது டிரைவர் பேச்சு என்று என் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். அவர் யாரையும் அப்படி ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

ஒருநாள் கப்பலின் இஞ்சின் சத்தம் மாறுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். நிச்சயமாக நடு வழியில் நிற்கப்போகிறது, பந்தயம் என்றார். அவள் கையைத் தூக்கி, "வரும்" என்றாள். அதற்காகவே அடுத்தடுத்த தடவைகள் கடைசிவரை படுத்திருந்தார். இஞ்சின் நிற்கவே இல்லை. சும்மா சத்தத்தைப் போட்டு ஏமாற்றிவிட்டான், இவனெல்லாம் ஒரு கதைக்காரனா என்று வீடு வந்து சேருகிறவரை ஆட்டோவில் திட்டிக்கொண்டு வந்தார். எனக்குக் கோவிலுக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருந்தது. முழுசாக நாலு மணி நேரம் படுத்திருக்கிறார்.

அதில் எனக்கு ஒரு யோசனை வந்தது. கூச்சத்தை விட்டு அவளிடம் கேட்டே விட்டேன். கை கழுவுகிற இடத்தில், யாரும் இல்லாதபோது. படத்தைக் கடைசி அரை மணிக்குத் தள்ளிப் போடம்மா, முக்கியமான கட்டத்தை அப்போது காட்டினால் அவர் இறங்கமாட்டார் என்று.

அவள் துண்டால் கையை விரல் விரலாகத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படிச் செஞ்சா அவர நான் ஏமாத்துற மாதிரி ஆயிரும் பெரியம்மா. அவரு கத பாக்கத்தான் இருக்காரு. அத வச்சு நான் அவரக் கட்டிப்போடக் கூடாது. ஒங்களுக்குப் பயமா இருக்குன்னா, அத நீங்கதான் அவருகிட்ட சொல்லணும்."

எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. ஒரு சின்ன உதவி கேட்டால் இப்படிப் பேசுகிறாளே என்று அன்றைக்கு முழுக்க வருத்தம். அவள் எப்போதும்போல டேபை மேசைமேல் சாய்த்து, எப்போதும் போடுகிற நேரத்துக்குப் படத்தைப் போட்டாள். ஒரு நிமிஷம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அவளுக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. ரத்த அழுத்தம் இறங்கிக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வழியப் படுத்திருப்பாள். உம்மா காலைப் பிடித்து நீவிக்கொண்டே இருப்பார். வலி விட்டதும் அவள் முதலில் செய்வது, வலி தொடங்கின இடத்துக்குப் படத்தைத் திருப்பிவிடுவது. அதுவரை ஓடினதை மறுபடி பார்ப்பாள். வலியோடு பார்த்ததை வைத்துப் படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது தப்பு என்பாள். பிறகு ஒரு வழியாக உம்மாவின் கிட்னியே பொருந்தி, மதுரைக்குப் போய் மாற்றிக்கொண்டார்கள். நன்றாக இருப்பதாக ஒரு தடவை உம்மா போனில் சொன்னார். நான் அவளை அதற்கு அப்புறம் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் இன்னும் அதே வார்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார்.

போய்க்கொண்டிருக்கிறார் என்பதற்குக் காரணம் ஒரு காலை நேரம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் தங்கச்சியின் பேத்திக்குக் காது குத்து. குளத்தூருக்கு அந்தப் பக்கம் அவர்கள் குலசாமி கோவிலில். உச்சிப்பொழுதுக்கு முன்னால் காது குத்த வேண்டும், அண்ணன் முன்னால் நின்று வரிசைத் தட்டை வாங்கிக் கொடுக்காவிட்டால் தனக்கு அவமானம் என்று தங்கச்சி போனில் அழுதுவிட்டார். அது மிஷின் நாள். இவர் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுவதாக முடிவு பண்ணிவிட்டார். பட்டு வேட்டியைப் பையில் வைக்கச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திவைத்திருந்தார்கள். முந்தின தடவையும் சீக்கிரம் இறங்கியிருந்தார். எடை மிஷினில் ஏறி நின்றபோது முள் காட்டின இடத்தைப் பார்த்து டெக்னீசியன் தம்பி என்னைப் பார்த்தான். உடம்பில் அவ்வளவு தண்ணீர் ஏறியிருந்தது. காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

அன்றைக்குத்தான் ஐஸ் மலைக் கதையின் கடைசிப் பாகம்.

மிஷின் ஓடத் தொடங்கியதுமே அவளிடம் கேட்டார். "எனக்கு இன்னைக்கு ரெண்டு மணி நேரந்தாம்மா. கடைசியத்தான இன்னைக்கு? இப்பவே போட்டுரு."

நான் அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு டேபை எடுத்து வைத்து, பேரெல்லாம் ஓட, அப்போதே போட்டுவிட்டாள்.

கப்பல் பூமிக்கு வந்தது. அதுவரை ஒரு ஃபில்டர் கழுவ ஒரு பாகம் எடுத்துக்கொண்டவர்கள், கடைசியில் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓட்டினார்கள். ஐஸ் உருகியது. ஆறு ஓடியது. அம்மா வாசலில் நின்றாள். பாட்டு வந்தது. முடிந்துவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை தூரம் ஒழுங்காக வண்டியைக் கொண்டுவந்தவன் ஊருக்குள் நுழைந்ததும் ஏன் இப்படி மிதித்தான் என்றார். எதிர்க் கட்டிலில் மளிகைக்கடைக்காரரும், யாருமே தண்ணீர் குடிக்கிறதைக் காட்டவில்லையே என்றார். அவள் கீழே இருக்கிறதைப் படித்தாள். உலகம் முழுக்க அதே கோபம்தான். எடுக்க நேரம் இல்லாமல் சுருக்கிவிட்டார்கள் என்று ஒருத்தர் எழுதியிருந்தார்.

"ஒனக்கு இது முன்னாடியே தெரியுந்தான? கடைசி இப்படிக் கெட்டுப்போகும்னு தெரிஞ்சேதான் எங்கள இம்புட்டு நாளா இழுத்துட்டு வந்தியா?"

"தெரியும் பெரியப்பா. எனக்கும் கடைசி புடிக்கல." அவள் குரல் மாறவில்லை. "கடைசி சரியில்லங்கிறதுக்காக நடுவுல நல்லாருந்தத விட முடியுமா?"

உம்மா திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தார். இப்படி முடித்திருக்கக் கூடாது என்றார். கப்பலை ஊர் எல்லையில் நிறுத்த வேண்டும். இத்தனை வருஷம் ஓட்டி வந்தவள் இறங்கி முதலில் முகம் கழுவ வேண்டும். அவ்வளவு ஐஸையும் ஒரேயடியாக உருக்கினால் ஊரே அடித்துக்கொண்டு போய்விடும், கண்மாய் கண்மாயாகத்தான் விட வேண்டும். எந்தக் கண்மாய்க்கு முதலில் என்று சண்டை வரும், அதைக் காட்ட வேண்டும். அம்மாவுக்கு மகளைப் பார்த்ததும் தெரிந்துவிடக் கூடாது, நேரம் ஆக வேண்டும். அடையாளம் தெரிந்ததும் அம்மா முதலில் சாப்பிட்டியா என்றுதான் கேட்பார் என்று உம்மா சொன்னார். மளிகைக்கடைக்காரர், அந்த மிஷின் மனிதன் என்ன ஆனான், அவனை விட்டுவிட்டீர்களே என்றார். அவனுக்கும் ஒரு முழுப் பாகம் வேண்டும் என்றார் இவர். அந்தப் பெண் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்துக்குக் கீழே கையை வைத்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணி நேரம் ஆனது. டெக்னீசியன் தம்பி பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்துக்கொண்டு, எழுதிக் கொடுக்கிற தாளோடு வந்து நின்றான். எடுத்துவிடலாமா என்றான்.

"இருப்பா தம்பி, பேசிக்கிட்டிருக்கோம்ல."

நான் எழுந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வாசலுக்குப் போய், டிரைவரிடம் நீங்க போங்க தம்பி, நாங்க வரல என்று சொல்லிக் காரை அனுப்பிவிட்டு, திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். அவர் மணியைப் பார்த்தாரா, பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாரா, எனக்குத் தெரியாது. நாலு மணி நேரமும் முடிந்து மிஷின் தானாக மணி அடித்தபோது அவர் கப்பலை இன்னும் கரைக்குக் கொண்டுவந்திருக்கவில்லை. நாத்தனார் வெகுநாள் என்னோடு பேசவில்லை. பட்டு வேட்டியை மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்தேன்.

அவர் சொன்ன முடிவை அந்தப் பெண் இங்கிலீஷில் அந்தப் படத்துக்குக் கீழே எழுதிப் போட்டாள். கட்டைவிரல் ஒன்றால் அடித்து முடிக்க இரண்டு தடவை வர வேண்டியிருந்தது. கண்மாய்க்கு இங்கிலீஷில் சரியான வார்த்தை கிடைக்காமல் கண்மாய் என்றே போட்டு, அது என்னவென்று விளக்கினாள். அடுத்த வாரம் அதற்கு வந்த பதில்களைப் படித்துக் காட்டினாள். இரண்டு மூன்று பேர் நன்றாக இருக்கிறது என்றிருந்தார்கள். ஒருத்தன் மட்டும், இவ்வளவு மெதுவாக முடித்தால் எவன் உட்கார்ந்து பார்ப்பான் என்று எழுதியிருந்தான். அதையும் அவள் அதே குரலில்தான் படித்தாள்.

என் வீட்டுக்காரர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"உக்கார வேணாம்னு சொல்லு. இங்கிட்டு வந்து என் கட்டில்ல நாலு மணி நேரம் படுத்துப் பாக்கச் சொல்லு. அப்புறம் சொல்லட்டும், மெதுவா வேகமான்னு."

அவள் சிரிக்கவில்லை. டேபை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி, எந்தக் கட்டில் என்று அவனுக்கு எப்படித் தெரியும் பெரியப்பா என்று கேட்டாள். ஃபேனுக்குக் கீழே இருக்கிற கட்டில் என்றார். அதையும் சேர்த்து அடித்தாள்.